முறுக்கு நிமிர்ந்துபோச்சு

(நர்சரி. லக்கி மூங்கில் செடி வைத்த கண்ணாடி ஜாடியை முந்தானையால் மூடி, சாமி சிலையைத் தூக்கிவருகிற பவ்யத்தோடு வருகிறார் வசந்தா. முகத்தில் மட்டும் சண்டை.)

வசந்தா: அண்ணே, ஏமாத்திட்டீங்க! வாங்குறப்ப கைமுறுக்கு மாதிரி சுத்திச் சுத்தி இருந்துச்சு. இப்ப பாருங்க, மேல கொடிக்கம்பம்!

நர்சரிக்காரர்: எங்கம்மா வச்சிருந்தீங்க?

வசந்தா: ஜன்னலோரம். லக்கி மூங்கில்னுதானே குடுத்தீங்க?

நர்சரிக்காரர்: பேருதான் மூங்கில். இது டிரசீனாங்கிற வேற செடி. சொந்த ஊரு ஆப்பிரிக்கா, கேமரூன் பக்கம். முறுக்குறது சைனாவுல.

வசந்தா: மூங்கிலே இல்லையா? லக்கியாவது நெசமா?

நர்சரிக்காரர்: அது உங்க வீட்டைப் பொறுத்தது.

வசந்தா: கம்பி கட்டி முறுக்குவாங்களோ?

நர்சரிக்காரர்: கம்பியெல்லாம் இல்ல. மூணு பக்கம் மறைச்சு, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விடுவாங்க. தண்டுல நிழல் பக்கம் வேகமா வளரும், வெளிச்சப் பக்கம் மெதுவா. அதனால வெளிச்சத்தப் பாத்துச் சாயும். சாஞ்சதும் தொட்டியக் கொஞ்சம் திருப்பி வச்சிருவாங்க. மறுபடி சாயும், மறுபடி திருப்புவாங்க. மாசக்கணக்குல இதே வேலை.

வசந்தா: பாவம், எட்டிப் பிடிக்கப் போறப்பல்லாம் நகத்தி வச்சிடுறாங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல பிரமோஷன் அப்படித்தான்.

நர்சரிக்காரர்: திருப்புறத நிறுத்துனா, பழைய முறுக்கு அப்படியே நிக்கும். புதுசா வர்றது நேரா போயிரும்.

வசந்தா: எங்க வீட்ல யாரு திருப்புவா? சுவத்துல காலண்டரே இன்னும் மார்ச்சுல நிக்குது.

நர்சரிக்காரர்: அப்ப இன்சுலின் செடி வாங்கிக்கங்க. இலை தண்டச் சுத்திப் படிக்கட்டாட்டம் ஏறும். யாரும் திருப்ப வேணாம், தானாவே முறுக்கிக்கும்.

வசந்தா: தானா முறுக்கிக்கத்தான் வீட்ல மாமியார் இருக்காங்களே! சரி, இந்தக் கொடிக்கம்பத்த என்ன பண்றது?

நர்சரிக்காரர்: வெட்டித் தண்ணில வைங்க, வேர் விட்டு அதுவே தனிச் செடியாயிரும். முறுக்குத் தண்டும் பக்கத்துல துளிர்க்கும்.

வசந்தா: நேர்த் தண்டு ஒண்ணு என்ன விலைக்கு விக்கிறீங்க?

நர்சரிக்காரர்: எண்பது... (நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.)

வசந்தா: கத்திரிய எடுங்க. வெட்டி நீங்களே வச்சுக்கங்க. அந்த இன்சுலின் செடி அறுபதுதானே? மாமியாருக்குத் துணையா இருக்கட்டும். மீதி இருபது ரூபாயக் குடுங்க.