நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்ட தம்பிக்கு

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்த பேச்சு இங்கே பலருக்கும் தெரியும். கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான யூனிக்ஸை ஒவ்வொரு கம்பெனியும் தன் தன் விதமாக மாற்றி விற்று அடித்துக்கொண்ட கதையைச் சொன்னேன். "யூனிக்ஸ் சண்டையெல்லாம் அமெரிக்கக் கம்பெனி சமாச்சாரம், அதுல நமக்கு என்ன நஷ்டம்? போட்டி இருந்தாத்தான் வளர்ச்சி" என்று அந்தத் தம்பி சொன்னதும் நாலு பேர் கைதட்டினார்கள். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

போட்டி வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? விலையில் போடட்டும், வேகத்தில் போடட்டும். அடிப்படை மட்டும் ஒன்றாக இருக்கட்டும். இதைத்தான் அன்றும் சொன்னேன்.

1987ல் யூனிக்ஸை உருவாக்கிய ஏடி அண்ட் டியும் கணினிக் கம்பெனியான சன்னும் சேர்ந்து ஒரே யூனிக்ஸ் கொண்டுவருவதாக அறிவித்தன. தங்களை ஓரங்கட்டிவிடுவார்கள் என்று பயந்து ஐபிஎம், ஹெச்பி, டிஜிட்டல் போன்ற கம்பெனிகள் 1988 மே மாதம் ஓப்பன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற கூட்டணியைத் தொடங்கின. அந்த வருஷமே ஏடி அண்ட் டி அணி யூனிக்ஸ் இன்டர்நேஷனல் என்ற எதிர்க்கூட்டணியைத் தொடங்கியது. திரையில் தெரியும் ஜன்னலுக்குக்கூட ஒருவருக்கு மோட்டிஃப், இன்னொருவருக்கு ஓப்பன் லுக். 1993ல் சமாதானத்துக்கு வந்தார்கள். அதே வருஷம் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் என்.டி. போட்டிக்கு வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் நான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு கடற்பாசிக் கம்பெனியில் கணக்கு பார்த்தேன். யூனிக்ஸ் மிஷின் ஒன்று, டெர்மினல் மூன்று. விற்றவர்கள் அந்த மாடலைக் கைவிட்டதும் வேறு கம்பெனி மிஷின் வந்தது. "இதுவும் யூனிக்ஸ்தான் சார், அப்படியே ஓடும்" என்றார்கள். ஓடவில்லை. சிப் வேறு. புதுச் சிப்புக்கு ஏற்றபடி கணக்கு மென்பொருளை மறுபடி கம்பைல் செய்ய, அதாவது மாற்றி எடுக்க, அதை எழுதிய மூல நிரல் எங்களிடம் இல்லை. டேப்பில் இருந்த பழைய கணக்கை இறக்கினால் பெயர்கள் சரியாக வந்தன, தொகைகள் தாறுமாறாக வந்தன. ஒரு எண்ணைப் பைட்டு என்ற துண்டுகளாகத்தான் மிஷின் வைக்கும்; அவற்றை ஒரு சிப் முன்னிருந்து அடுக்கும், இன்னொன்று பின்னிருந்து.

மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் அக்கா ஒருவர் ஈரச் சேலையோடு ஜன்னலில் வந்து நின்றார். "ஏந்தம்பி, என் பாக்கி எவ்வளவு? போன மாசம் அந்த மிஷினப் பாத்துத்தான சொன்ன?" எனக்கு வாய் வரவில்லை. எடைச் சீட்டுகளை வைத்து மூன்று மாதம் எல்லாவற்றையும் கையால் ஏற்றினோம்.

அது சிப் பிரச்சினை, ஓஎஸ் (யூனிக்ஸ் போன்ற இயங்குதளம்) பிரச்சினை இல்லை என்று யாராவது திருத்துவீர்கள். சரி, பாதி உண்மை. ஆனால் 'யூனிக்ஸ்' என்ற ஒரே பெயரைக் காட்டித்தானே இரண்டு பேரும் விற்றார்கள்? எல்லா யூனிக்ஸுக்கும் பொது விதியாக போசிக்ஸ் 1988லேயே வந்ததே என்பீர்கள். மூல நிரல் கையில் இல்லாதவனுக்கு அதனால் என்ன பலன்? யூனிக்ஸ் மாதிரியே, மூல நிரலோடு இலவசமாக லினக்ஸ் வந்தது, நல்லது. எங்கள் மூன்று மாதத்தை அது திருப்பித் தரவில்லை.

"பாசிக் கம்பெனிக்கு யூனிக்ஸ் எதுக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தாரே, அதுதான் தாங்கவில்லை. கடலுக்குள் மூச்சுப் பிடித்து முங்கி எடுத்த பாசிக்குச் சரியான கணக்கு கேட்பது அவ்வளவு அதிகமா? அந்த அக்காவின் சீட்டுகளில் இரண்டு உப்புத்தண்ணீரில் அழிந்துபோயிருந்தன. அவர் சொல்லும் எடையைப் போடுங்கள் என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். பாதிதான் ஒத்துக்கொண்டார். மீதிக் காசு அவருக்குக் கடைசிவரை வரவில்லை, தம்பி.