கேஸ் சிலிண்டருக்குச் சங்கிலி

மட்டக்களப்பு படுவான்கரையில் இருக்கும் என் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போன மாதம் போயிருந்தேன். குசினியில் கேஸ் சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தாள். தண்ணீர் மோட்டர் ஏற்கெனவே போய்விட்டது, அதற்கு முன் காப்பு. திறப்பைக் கழுத்துக் கயிற்றில் கோர்த்திருக்கிறாள். மகனுக்கு 22 வயது. ஐஸ் என்கிற போதைப்பொருள் பாவிக்கிறான்.

"மகன் எப்படி அக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் நானும் உள்ளே போனேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கத் தோன்றவே இல்லை. "நான் நித்திரை கொண்டு எத்தனை நாளெண்டு எனக்கே தெரியாது தம்பி" என்றாள் அவளாக.

ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: அவள் நாலு வருடம் கட்டாரில் இருந்தாள், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. அந்தக் காசில்தான் வீட்டுக்கு ஓடு வந்தது, நுண்கடன் அடைந்தது. தகப்பன் அந்த நாலு வருடமும் இங்கேயேதான் இருந்தார் என்பது மட்டும் யாருக்கும் நினைவு வருவதில்லை.

ஜூன் 26, போதைப்பொருள் எதிர்ப்பு தினம் வந்தால் பிள்ளைகளை வெயிலில் பதாகையோடு நடக்க விடுகிறோம். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான பொலிஸின் யுக்திய நடவடிக்கை தொடங்கியபோது தினமும் கைதுக் கணக்கு வாசித்தோம். சரி, பிடிபட்டவனின் தாய்க்கு என்ன சொன்னோம்?

ஐஸ் எடுத்தவன் நாட்கணக்கில் உறங்காமல் இருப்பான், யாரோ தன்னைத் துரத்துவதாகச் சந்தேகப்படுவான். அந்த நேரத்தில் புத்தி சொல்லப் போனால் அடிதான் விழும். தூங்கி எழும்பிச் சாப்பிட்ட பிறகு பேச வேண்டும். இதை அக்கா அடி வாங்கித்தான் படித்தாள். தூள், அதாவது ஹெரோயின், பாவிப்பவனின் வீடென்றால் இன்னும் ஆபத்தான ஒன்று உண்டு. சில மாதம் விட்டிருந்தவன் மறுபடி பழைய அளவை எடுத்தால் உடம்பு தாங்காது, உயிரே போகலாம். புனர்வாழ்வு முடிந்து மகன் வருகிற அன்றே வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டிய விஷயம் இது.

தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 தொலைபேசி இலக்கத்துக்குத் தாயும் எடுக்கலாம். 1926 மனநல உதவிக்கு. அவளுக்கும் மனம் என்று ஒன்று இருக்கிறதே.

"துரத்திவிடு" என்று சொல்கிறவர்கள் ஒரு இரவு அந்த வீட்டில் தங்கிப் பார்க்கட்டும். ஐஸ் வியாபாரியிடம் மகன் பட்ட கடனை அவள் அடைத்தது பிழைதான், அதை அவளிடமே சொன்னேன். ஆனால் வாசலில் நின்று மிரட்டியவனுக்கு முன்னால் அவளோடு நிற்க ஒருவரும் வரவில்லையே.

போன சனிக்கிழமை நானும் மனைவியும் போய்த் தங்கினோம். இரவு எட்டு மணிக்குப் படுத்த அக்கா மறுநாள் பத்து மணிக்குத்தான் எழும்பினாள். எழும்பியதும் முதல் வேலையாகக் கழுத்தைத் தடவி, திறப்பு இருக்கிறதா என்று பார்த்தாள்.