சிமெண்டு பூசினா அது பாரம்பரியப் பாதுகாப்பா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்தப் பழைய கடைவீட்டுச் சுவரை ‘மீட்டெடுத்த’ வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. டிரோன், நாதஸ்வரம், சுவர் முழுக்க மயில். மயிலுக்கு அடியில என்ன பூசியிருக்காங்கன்னு ஒருத்தரும் கேட்கலை. சிமெண்டு!

சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டு பூசாதீங்க. நான் சொல்ல வந்தது இது ஒண்ணுதான்.

1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழிச்ச பிறகு, செங்கல்லும் ஓடும் வெச்சுத்தான் கட்டணும்னு பிரிட்டிஷ் அதிகாரி சுவெட்டன்ஹாம் பிடிவாதமா நின்னாரு. சீனச் சமூகத் தலைவர் யாப் ஆ லோய் இங்கே பிரிக்பீல்ட்ஸ்ல செங்கல் சூளை போட்டாரு. அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது, தண்ணியை உறிஞ்சும். அஸ்திவாரத்துல ஈரத்தடுப்பும் கிடையாது. மண்ணிலிருந்து ஏறுற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியா வெளியேறிடும். சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் அந்த வழியை அடைச்சிடும். ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு உள்ளேயே படியும், கல்லின் முகம் மாவா உதிரும். முதல்ல முழங்கால் உயரத்துல பெயிண்ட் கொப்பளிக்கும். தட்டினா டொக்குன்னு சத்தம் வரும்.

“சிமெண்டு உறுதியானதாச்சே!” அதுதாங்க வினையே. சுவர் லேசா அசைஞ்சா, இறுகின சிமெண்டு நிக்கும், கல் உடையும்.

செய்ற முறை இருக்கு. முதல்ல அஞ்சடி (கடை முன்னாடி இருக்கிற நடைபாதை) ஓரத்து லோங்காங்கை, அதாவது சாக்கடையை, சுத்தம் பண்ணணும். அங்கே தண்ணி தேங்கினா மேலே என்ன பூசினாலும் வீண். சிமெண்டுப் பூச்சை உளியால, கையால எடுக்கணும். மெஷின் வெச்சா கல்லும் சேர்ந்து வந்துடும். கேன்வாஸ் கட்டி மழை படாம மாசக்கணக்குல காயவிடணும். நீர்த்த சுண்ணாம்பை மூணு மாசமாவது ஊறவெச்சு, ஒரு பங்குக்கு மூணு பங்கு கழுவின ஆற்று மணல். கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. மெல்லிசா ரெண்டு மூணு பூச்சு, ஈரக் கோணிச்சாக்கு மூடி. மேலே சுண்ணாம்பு வெள்ளைதான்.

செலவு அதிகம், ஒத்துக்கிறேன். டிரோனுக்கு மட்டும் காசு எப்படி வந்துச்சாம்?

“ஏதோ செய்றாங்க, உற்சாகப்படுத்துங்க, எப்பப் பார்த்தாலும் குறை”ன்னு சொல்றாங்க — இதுதான் வலிக்குது. 1904-இல் கட்டின விவேகானந்தா ஆசிரமத்துக்கு 2014-இல் ஆபத்து வந்தப்போ ‘குறை சொன்னவங்க’தான் முன்னாடி நின்னாங்க. ரயில்வேக்காரங்க வாழ்ந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ங்கிற பழைய குடியிருப்புக்கு அந்தக் கூட்டம் போதலை. இடிஞ்சே போச்சு. 2010-இல் லிட்டில் இந்தியான்னு வளைவும் விளக்கும் வெச்சாங்க. அழகுதான், இல்லேன்னு சொல்லலை. ஆனா வளைவை எப்ப வேணும்னாலும் புதுசா கட்டலாம். அந்தக் கல்லை இனிமே யாரு சுடப்போறா? நமக்குப் படம் எடுக்க ஒரு பின்னணி இருந்தா போதும்போல.

அந்தக் கடைக்காரர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லலை. அண்ணே, பூச்சு இன்னும் புதுசு, முழுசா இறுகலை. அடிப்பக்கம் மூணடியையாவது இப்பவே உளியால எடுத்துடுங்க. வருஷக் கடைசி மழைக்கு விட்டீங்கன்னா, சிமெண்டோட கல்லும் சேர்ந்துதான் வரும்.