எப்படியும் திறந்தாச்சுல்ல சார்!

ஸ்கூட்டர்ல வேலைக்குப் போனா காசு மிச்சமாம். இன்னைக்கும் ஒருத்தர் சொல்லிட்டார். அதுவும் எப்போ? சர்வீஸ் பில்லை மடிச்சு சட்டைப் பையில வெச்ச சூடு ஆறலை, லிஃப்ட்ல பக்கத்துல நின்னவர் என் கையில இருந்த ஹெல்மெட்டைப் பார்த்துட்டு, "உங்களுக்கென்னங்க, டூவீலர். டேங்க்கை நிரப்பினா ஒரு வாரத்துக்குக் கவலையே இல்லை"ன்னு சொல்லிட்டு ஒரு பெருமூச்சு வேற. ஸ்கூட்டர் பெட்ரோல்ல மட்டும்தான் ஓடுதுன்னு இன்னும் எத்தனை பேரய்யா நம்பிக்கிட்டு இருக்கீங்க?

நான் விட்டது ஆயில் சர்வீஸுக்கு. வெறும் ஆயில் சர்வீஸ். அரை நாள் லீவு போட்டு அந்த சர்வீஸ் சென்டர் பெஞ்சுல உக்காந்தேன். (அரை நாள் லீவையும் யாரும் கணக்குல சேர்க்க மாட்டாங்க, அது ஏதோ மரத்துல காய்க்கிற மாதிரி.) கொஞ்ச நேரத்துல, வண்டிக்கு என்னென்ன வேலைன்னு எழுதின ஜாப் கார்டைப் பிடிச்சுக்கிட்டு ஒரு தம்பி வந்தார். முகத்துல அப்படி ஒரு சோகம்.

"சார், பெல்ட்டைப் பார்த்தோம்."

யாருப்பா பார்க்கச் சொன்னது?

"சின்னதா கிராக் விட்டிருக்கு சார்."

சரி.

"இப்போதைக்கு ஓட்டலாம் சார். ஒண்ணும் ஆகாது."

ரொம்ப சந்தோஷம்.

"ஆனா எப்ப வேணா அறுந்துடும்."

அந்த 'ஆனா'வுக்கு முன்னாடி அவர் விட்ட இடைவெளி இருக்கே, அதுக்குன்னே தனியா பயிற்சி குடுப்பாங்க போல. ஒண்ணும் ஆகாது, ஆனா எப்ப வேணா அறுந்துடும். இது ரெண்டுல எதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது? மாத்தணுமான்னு கேட்டேன். "உங்க இஷ்டம் சார்." மாத்தலைன்னா? "உங்க இஷ்டம் சார்." அறுந்தா? "வண்டியைத் தள்ளணும் சார்." இதுக்குப் பேர் இஷ்டமா?

கியர் இல்லாத வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு இந்த பெல்ட் என்னன்னு நான் சொல்லத் தேவையில்லை. தெரியாம இருக்கிறவங்க பாக்கியவான்கள். என்ஜினோட சுத்தலைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு போறது இதுதான். என்ஜின் பக்கம் ரெண்டு தட்டு, நடுவுல பெல்ட், ஒரு தட்டுக்குப் பின்னால ரோலர். வேகம் கூடினா ரோலர் வெளிப்பக்கம் நகர்ந்து தட்டை நெருக்கும், பெல்ட் மேல ஏறும். வேகம் குறைஞ்சா திரும்ப இறங்கும். நம்ம கை கியர் போடாத குறையை அந்த ரப்பர் பெல்ட்டு ராத்திரி பகலா ஏறி இறங்கித் தீர்த்து வைக்குது. பல வண்டிகள்ல 20,000 கிலோமீட்டரைச் சுத்தி அதுக்கு ஆயுசு முடியும். சூடு, தூசி, சிக்னல் பச்சையானதும் முறுக்கிக்கிட்டுப் பறக்கிற புத்தி, இதெல்லாம் இருந்தா அதுக்கும் முன்னாடியே. அறுந்துச்சுன்னா என்ஜின் ஜோரா ஓடும், சத்தம் ஜோரா வரும், வண்டி மட்டும் நகராது.

சரி, மாத்துப்பான்னு சொல்லிட்டேன். அங்கதான் ஆரம்பிச்சது.

"பெல்ட்டு மாத்தும்போது ரோலரையும் மாத்திடலாம் சார். ஒரு பக்கம் தட்டையாயிடுச்சு. எப்படியும் திறந்தாச்சுல்ல."

ரோலருக்கும் தலையாட்டினேன். போனவர் திரும்பி வந்தார். "கிளட்ச் ஷூவும் தேஞ்சிருக்கு சார். எப்படியும் திறந்தாச்சுல்ல." மறுபடி வந்தார். "கியர் ஆயிலும் மாத்திடலாமா சார்?" கியரே இல்லாத வண்டிக்கு கியர் ஆயிலான்னு கேட்டா, பின்சக்கரத்துக்கிட்ட ஒரு சின்ன கியர்பாக்ஸ் இருக்கு சார், அதுக்குத் தனி ஆயில் சார்னு பொறுமையா பாடம் எடுக்கிறார். அவர் சொன்னது உண்மைதான், அதுதான் இன்னும் எரிச்சல். பொய்யா இருந்தா சண்டையாவது போட்டிருக்கலாம். ஏர் ஃபில்டர் பேப்பர்ல பண்ணினது, கழுவ முடியாது, மாத்தணும். பிரேக் ஷூ நாள் எண்ணிக்கிட்டு இருக்கு. கேபிள் இறுகிடுச்சு. குடல்வால் ஆபரேஷனுக்குப் படுத்தவனை எழுப்பி, "எப்படியும் திறந்தாச்சுல்ல, கிட்னியையும் பார்த்துடலாமா"ன்னு கேட்டா எப்படி இருக்கும்? நான் அந்த பெஞ்சுல அப்படித்தான் உக்காந்திருந்தேன்.

அந்தக் காலத்து ஸ்கூட்டரைப் பாருங்க. 1946ல இத்தாலியில வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைச்ச கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிளே பிடிக்காத மனுஷன். என்ஜினைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்துலயே வெச்சு, செயினும் வேண்டாம் பெல்ட்டும் வேண்டாம்னு கியர் வழியா நேரா சக்கரத்தைச் சுத்த வெச்சார். முன்சக்கரத்தை ஒரு பக்கமா மட்டும் தாங்க வெச்சு, பஞ்சரானா சட்டுனு கழட்டி மாட்டவும் வழி பண்ணினார். பழைய ஸ்கூட்டர்கள்ல ஸ்டெப்னி கூட இருந்துச்சு. இப்போ? கையை முறுக்கினாப் போதும், வண்டி தானா போகும்னு ஆசை காட்டி, கூடவே பெல்ட்டைக் கட்டி விட்டு, ஸ்டெப்னியைப் பிடுங்கிட்டு, அந்த இடத்துல போன் சார்ஜ் போட ஓட்டை வெச்சிருக்காங்க. இதுக்குப் பேர் முன்னேற்றம்.

இப்போ லிஃப்ட்டுக்காரரோட கணக்குக்கு வருவோம். போக வர 30 கிலோமீட்டர்னு வைங்க. லிட்டருக்கு 15 குடுக்கிற கார்ல ரெண்டு லிட்டர், 45 குடுக்கிற ஸ்கூட்டர்ல முக்கால் லிட்டர் கூட ஆகாது. மூணுல ஒரு பங்கு! ஆஹா! இந்தப் பெருமையில யாருக்குய்யா சண்டை? கார்ல போறவன் ஸ்கூட்டருக்கு மாறினா மிச்சம்தான். ஆனா நம்மள்ல எத்தனை பேர் கார்ல இருந்து இறங்கி வந்தோம்? பஸ்ஸுல, ரயில்ல இருந்துதானே வந்தோம். மாசப் பாஸ் எடுத்தவனுக்கு அடுத்த தடவை ஏறினா ஒரு பைசா கூட இல்லை. பஸ்ஸோட பெல்ட்டுல கிராக் விட்டா டிரைவர் வந்து நம்ம காதுல சொல்லப் போறதில்லை. பஸ் இன்சூரன்ஸை நாம கட்டப் போறதில்லை. பஸ் பழசானா நம்ம சொத்து மதிப்பு குறையப் போறதுமில்லை. ஸ்கூட்டரோ, ஷோரூம் வாசல் தாண்டின நிமிஷத்துல இருந்து வாங்கின விலை இறங்க ஆரம்பிச்சுடும், கடன் தவணை மட்டும் இறங்காம நிக்கும்.

அந்த 45ம் கூட வாய்ப்பேச்சுதான். விளம்பரத்துல போடுற மைலேஜ், சோதனைக்கூடத்துல உருளை மேல, வரையறுத்து வெச்ச வேகத்துல ஓட்டி எடுக்கிறது. அங்க சிக்னல் இல்லை, பின்னால ஆள் இல்லை, காத்து இறங்கின டயர் இல்லை, குழி இல்லை, எதிர்ல வர்றவன் இல்லை. அந்த உருளையிலயே நான் ஆபீஸ் போகலாம்னா எனக்கும் அந்த மைலேஜ் கிடைக்கும்.

டயரையும் விட்டுடக் கூடாது. 18 அங்குல பைக் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 500 சொச்சம் தடவை சுத்துது. ஸ்கூட்டரோட 10 அங்குல சக்கரம் 700 தடவைக்கு மேல சுத்தணும். அது மேல என்ஜின் கனம், அதுக்கு மேல நம்ம கனம். பின் டயர் பட்டன் தேஞ்சு மொட்டையாகாம என்ன செய்யும்?

இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை இன்னொண்ணு இருக்கு. ஆபீஸுக்குன்னுதானே வாங்கினோம்? வண்டி வாசல்ல நின்ன நாள்ல இருந்து வீட்டுல ஒருத்தருக்கும் கால் கிடையாது. "வண்டி சும்மாதானே நிக்குது, அப்படியே போய் அந்தப் பார்சலை வாங்கிட்டு வந்துடேன்." அந்த 'அப்படியே' எந்தத் திசையில இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடலை. ஆபீஸுக்கு மேற்கே போனா 'அப்படியே' கிழக்கே இருக்கு. பெட்ரோல் இருக்கான்னு ஒருத்தராவது கேட்டிருப்பாங்களா? கேட்க மாட்டாங்க, ஸ்கூட்டர்தான் மிச்சமாச்சே.

எலக்ட்ரிக் வாங்கலாமேன்னு கிளம்பி வராதீங்க. பெல்ட்டும் ஆயிலும் பெருசா தொல்லை பண்ணாது, கிலோமீட்டருக்கு ஆகுற கரண்ட் செலவும் கம்மி, ஒத்துக்கிறேன். பேட்டரி மாத்துற விலையைக் கேட்டுட்டு வந்து பேசுங்க. அதுக்கும் ஒரு தம்பி ஜாப் கார்டோட வருவார்.

பில்லுல கடைசி வரி என்ன தெரியுமா? 'இதர நுகர்பொருள்'. என்னப்பான்னு கேட்டா, துணி, கிரீஸ், வாஷர்னு இழுக்கிறார். என் வண்டியைத் துடைச்ச துணிக்கு நான் காசு குடுத்திருக்கேன், அப்போ அந்தத் துணி என்னுதுதானே, குடுங்கன்னு கேட்டேன். சிரிச்சார். எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு, வேற என்ன பண்றது. சிரிச்சுக்கிட்டே, "கம்பெனியில இருந்து போன் வரும் சார், 10க்கு 10 குடுத்துடுங்க. 9 குடுத்தாலும் எங்களுக்கு ஃபெயில்தான்"னார். நான் படிச்ச காலத்துல 35 எடுத்தா பாஸ் பண்ணிடலாம்.

வெளிய வந்து வண்டியில உக்காந்தா ரெண்டு கண்ணாடியும் வானத்தைப் பார்க்குது. ஏன்யா, ஆயில் சர்வீஸுக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம்? எந்த ஊர் மெக்கானிக்கா இருந்தாலும் இதை மட்டும் மறக்காம பண்றாங்களே, எப்படி?

அப்புறம், அந்த பெஞ்சுல எனக்குப் பக்கத்துல உக்காந்து முழு நேரமும் ஸ்பீக்கர்ல வீடியோ பார்த்த அண்ணே. அந்த நாய்க்குட்டி வீடியோவை ஏன் திரும்பத் திரும்பப் போட்டீங்க? ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் ஓட விட்டிருக்கலாம்ல? அது சோபா மேல ஏறுச்சா இல்லையா, அதையாவது சொல்லுங்க.