விற்காத வீடுகளைச் சீன அரசு வாங்கி இலவசமாகத் தருகிறதா?

'தேங்கிக் கிடக்கும் வீடுகளையெல்லாம் சீன அரசே வாங்கி ஏழைகளுக்குச் சும்மா கொடுக்கிறது' என்று பரவும் செய்தி தவறு.

2024 மே 17 அன்று சீன மத்திய வங்கி அறிவித்தது 30,000 கோடி யுவான் மறுகடன் திட்டம், அதாவது வணிக வங்கிகள் கொடுக்கும் கடனுக்காக மத்திய வங்கி அவற்றுக்குத் தரும் கடன். அந்த வங்கிகளுக்கு வட்டி 1.75%. வணிக வங்கி கொடுக்கும் கடனில் 60 சதவீதத்தை மத்திய வங்கி ஈடுகட்டும் என்பது அப்போதைய ஏற்பாடு. ஆக, மொத்தக் கடன் 50,000 கோடி யுவானைத் தொடலாம் என்பது கணக்கு. வாங்குவோர் உள்ளூர் அரசு நிறுவனங்கள். கட்டி முடித்த வீடுகளை மட்டுமே வாங்கலாம். பாதியில் நிற்கும் கட்டடங்களுக்கு (மக்கள் பணம் அதிகம் முடங்கியதே அங்குதான்) இதில் இடமில்லை. வாங்கிய வீடுகள் குறைந்த வாடகைக்கோ விலைக்கோ போகும், இலவசமாக அல்ல.

'எல்லா வீடுகளும்' என்பதும் பொய். 2024 ஜூன் இறுதியில் மறுகடனாக வெளியே போயிருந்தது 1,210 கோடி யுவான்தான். பெருநகரங்களில் ஆண்டு வாடகை வீட்டு விலையில் சுமார் 2 சதவீதம். வாங்கும் நிறுவனம் வணிக வங்கிக்குக் கட்டும் வட்டியோ அதைவிட அதிகம். அதனால் நிறுவனத்துக்குக் கையைக் கடிக்கும். விலையைக் குறைத்து வாங்கலாம் என்றால், அடிமாட்டு விலைக்குக் கட்டுநர்கள் இசைவதில்லை. அந்தச் செப்டம்பரில் மத்திய வங்கி ஈடுகட்டும் பங்கை 60 சதவீதத்திலிருந்து 100 ஆக்கினார்கள். வங்கிக்குச் சுமை குறைந்தது, வாங்குபவரின் வாடகைக் கணக்கு அப்படியே இருந்தது.