மொய்க்கு நோட்டு உண்டு, விசாவுக்கு ரசீது இல்லை

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிற நம்ம ஊர்ப் பயல்களிடம் நான் முதலில் கேட்பது, கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்கினாயா என்றுதான். ஆமாண்ணே என்று சொன்னவன் அபூர்வம். மேலூர்ப் பக்கம் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு அப்ளிகேஷன் போட வருவார்கள், வாட்ஸ்அப்பில் வந்த விசா காப்பியைப் பிரிண்ட் எடுக்க வருவார்கள். தினமும் பார்த்துப் பார்த்து வந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

சிங்கப்பூர் என்ன ரேட், துபாய் என்ன ரேட் என்றுதான் இங்கே பேச்சே ஆரம்பிக்கும். ஆனால் வேலை விசா நாம் காசு கொடுத்து வாங்குகிற சரக்கே இல்லை. அங்கே ஆள் எடுக்கிற முதலாளிதான் அந்த அரசாங்கத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆள் எடுக்கிற செலவைத் தொழிலாளி தலையில் நேராகவோ சுற்றி வளைத்தோ கட்டக்கூடாது என்று அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. நம் நாட்டிலும் பதிவு பெற்ற ஏஜென்ட் சர்வீஸ் சார்ஜாக அதிகபட்சம் 30,000 ரூபாய்தான் வாங்கலாம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதற்கு ரசீதும் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கைச் சொன்னால், "அண்ணே, இது எந்தக் காலத்து ரேட்டு?" என்று கடையில் சிரிக்கிறார்கள்.

ரசீது கேட்காததற்குக் காரணம் கூச்சம். பணம் வாங்குகிறவர் சென்னையில் இருக்கிற லைசென்ஸ் ஏஜென்ட் இல்லை. அக்கா வீட்டுக்காரரின் பங்காளி, இல்லை மாமன் கூட்டாளி. சப் ஏஜென்ட் என்பார்கள், சட்டப்படி அப்படி ஒருவரை வைத்துக்கொள்ளவே கூடாது. வீட்டு விசேஷத்துக்கு வந்து முன்னால் நின்றவரிடம் பில் கேட்டால் நாளைக்கு எப்படி முகத்தில் முழிப்பது? சரி, நியாயம்தான். ஆனால் காதுகுத்துக்கு வந்த 101 ரூபாயைக்கூடப் பெயர், ஊர் போட்டு மொய் நோட்டில் எழுதிப் பத்திரமாக வைக்கிற ஜனம் நாம். தாய்மாமன் எழுதுவதும் அதே நோட்டில்தான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. விசாவுக்கு என்று கொடுக்கிற இரண்டு லட்சத்துக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு கிடையாதா?

கொட்டாம்பட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவன் அம்மாவோடு வந்தான். துபாய் விசா வந்துவிட்டதாம், கலர் பிரிண்ட் வேண்டுமாம். பேப்பரைப் பார்த்தேன். டூரிஸ்ட் விசா, 60 நாள். வேலை என்றோ கம்பெனி என்றோ எங்கேயும் இல்லை. சொன்னதும் அங்கேயே ஏஜென்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். "இறங்குனதும் மாத்திக்கலாம்டா. ஏர்போர்ட்ல கேட்டா டூர்னு சொல்லு, வேலைன்னு வாயத் தொறக்காத." அந்த அம்மா இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து அடகுக் கடைச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். "டூருக்கா என் சங்கிலிய வச்சேன்?" போனில் அதற்குப் பதில் வரவில்லை.

அந்தத் தம்பி பத்தாவது ஃபெயில். அதனால் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர்., அதாவது வேலைக்குக் கிளம்பும் முன் அரசாங்க அனுமதி வேண்டும் என்ற குறிப்பு. இதை நம் ஊரில் ஏதோ குற்ற முத்திரை மாதிரி நினைக்கிறார்கள். பத்தாவது தேறாதவன் சவுதி, அமீரகம், கத்தார், குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால், கிளம்புவதற்கு முன் ஒப்பந்தத்தை அரசாங்கம் ஒரு தடவை பார்த்து அனுமதி கொடுக்க வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று ஒரு இன்சூரன்ஸ். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். ஏமாற வாய்ப்புள்ளவனுக்கு என்று சட்டம் போட்டு வைத்த வேலி இவ்வளவுதான். அதைத் தாண்டிக் குதிக்கத்தான் டூரிஸ்ட் விசா. போன இடத்தில் சம்பளம் வராவிட்டால், இவன் வேலைக்கு வந்தவன் என்பதற்கே பேப்பர் இருக்காது.

சிங்கப்பூர் இந்த 18-ல் வராது. அங்கே ஐ.பி.ஏ. லெட்டர்தான் எல்லாம், வேலை அனுமதிக்கு அந்த அரசாங்கம் கொடுக்கிற முன் ஒப்புதல் கடிதம். அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். வேலையாளின் தாய்மொழியில் அதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கொடுக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஆனால் நம் ஆட்கள் பார்ப்பது முதல் பக்கத்தில் இருக்கிற பெயர் ஸ்பெல்லிங்கை மட்டும். சம்பளத்தைக் கேட்டால் ஏஜென்ட் வாயால் சொன்னதைச் சொல்கிறார்கள், ஓ.டி. எல்லாம் சேர்த்து.

படித்த பிள்ளைகள் தப்பிவிடுவார்கள் என்றும் சொல்ல முடியாது. 2022-ல் மோசடிக் கும்பலிடம் சிக்கிய நம் பிள்ளைகளை மியான்மரிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தார்களே, அவர்கள் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போனவர்கள்.

"ரசீது கேட்டா அந்த வேலைய வேற பையனுக்குக் கொடுத்துருவாங்கண்ணே" என்கிறார்கள். கொடுப்பார்கள்தான், மறுக்கவில்லை. ஒருத்தன் மட்டும் கேட்டால் ஆகாது. அதனால்தான் இதைத் தனியாள் சாமர்த்தியத்துக்கு விடக்கூடாது என்கிறேன். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது, சென்னையில். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதன் பெயரையே கேட்டதில்லை. பாஸ்போர்ட் எடுக்க மதுரை பாரதி உலா சாலைக்குப் போகத் தெரிந்தவனுக்கு அடுத்து எங்கே போவது என்று சொல்ல ஆள் இல்லை, ட்ராவல்ஸ் போர்டுதான் கண்ணில் படுகிறது. லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்கள் பட்டியலையும் 35,400 என்ற எண்ணையும் கிராம சபையில் ஒரு தடவை வாசித்து, ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டினால் என்ன செலவாகிவிடும்? நூறு நாள் வேலைக் கணக்கை வாசிக்கிற அதே மைக்தானே.

ஏஜென்ட் பெயர் இருக்கிறதா என்று மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். தேடத் தெரியாதவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் கடைக்கு வாருங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். அதற்குக் காசு வேண்டாம். பிரிண்ட்டுக்கு மட்டும் கொடுத்தால் போதும். கலர் என்றால் பத்து ரூபாய், ரசீதும் தருவேன்.