மனச்சிதைவுச் சோர்வுக்கு ஊக்க மாத்திரை தீர்வா?

"மனச்சிதைவு நோயாளி சோர்ந்தே கிடந்தால் ஏடிஎச்டி ஊக்க மாத்திரை கொடுங்கள், சுறுசுறுப்பாகிவிடுவார், பயமே வேண்டாம்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறுக்குக் கொடுக்கப்படும் ஆம்ஃபெட்டமின், மெத்தில்பெனிடேட் போன்ற ஊக்க மருந்துகள், மூளைச் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டைக் கூட்டுகின்றன. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) மருந்துகளில் பெரும்பாலானவை அதே டோபமின் வந்து ஒட்டும் ஏற்பிகளை அடைத்துத்தான் நோயாளியின் காதில் கேட்கும் குரல்களையும் சந்தேகங்களையும் அடக்குகின்றன. ஒரு கை அணைக்கும் நெருப்பில் மறு கை எண்ணெய் ஊற்றலாமா? நோயில்லாதவர்களைப் பெரிதாகப் பாதிக்காத அளவு ஊக்க மருந்தே சுமார் 40 சதவீத மனச்சிதைவு நோயாளிகளிடம் அறிகுறிகளைக் கிளப்பியதாக 1987இல் வெளியான மறுஆய்வு சொல்கிறது. அறிகுறிகள் ஏற்கெனவே தீவிரமாக இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

நோயே இல்லாதவர்களுக்கும் இது விளையாட்டல்ல. ஆம்ஃபெட்டமினால் மனம் பிறழ்ந்த 42 பேரைப் பற்றி லண்டன் மருத்துவர் ஃபிலிப் கானல் 1958இலேயே விரிவாக எழுதிவிட்டார்.

சரி, ஏடிஎச்டியும் சேர்ந்து இருந்தால்? நோய் அடங்கியிருக்கும் சிலருக்கு மனநல மருத்துவர் தன் கண்காணிப்பில் கொடுப்பதுண்டு. அது வேறு. வீட்டில் சோர்ந்து படுத்திருப்பவரைப் பார்க்கும் வேதனை புரிகிறது. அந்தச் சோர்வு நோயாலும் வரலாம், மனச்சோர்வாலும் வரலாம், மருந்தின் அளவாலும் வரலாம். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.